காவித் தரையை உடைக்காமல் கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்ய வழி உண்டா?

கேள்வி – திருநெல்வேலி டவுன்

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். தேரோடும் வீதிக்குப் பின்னால் உள்ள சந்தில், தாத்தா காலத்து வீட்டில் வசிக்கிறோம். புறவாசல் கழிப்பறையிலிருந்து தெரு மேன்ஹோல் வரை ஏறத்தாழ 45 அடி நீளத்துக்கு, 4 அங்குல ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய் அடுப்படிக்கும் பட்டாசலுக்கும் (கூடத்துக்கும்) அடியிலேயே செல்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்கிறது. கம்பி விட்டு இழுத்தால், சிக்குப்பிடித்த தலைமயிர் போல வேப்ப வேர் சுருண்டு வருகிறது. தரையை உடைத்தே ஆக வேண்டும் என்கிறார் கொத்தனார். அந்தக் காவித் தரையை அதே வழவழப்போடு மறுபடி போட இன்று ஆள் கிடைப்பதில்லை. தோண்டாமல் குழாய்க்குள் குழாய் அமைக்கும் முறை எப்போது தோன்றியது, எங்களுக்குப் பொருந்துமா?

பதில் 1 – பாளையங்கோட்டை

முறை புதியது அன்று. 1971-இல் எரிக் வுட் என்பவர் லண்டனின் ஹாக்னி பகுதியில், முட்டை வடிவச் செங்கல் சாக்கடை ஒன்றில் இதை முதன்முதலாகச் செய்துகாட்டினார். 1977-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். ரெசினில் (சூட்டில் இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசினில்) ஊறிய ஃபெல்ட் துணிக்குழலின் ஒரு முனையை மடித்துக் கட்டித் தண்ணீர் அழுத்தம் கொடுத்தால், ஆட்டுக் குடலைக் கழுவும்போது தண்ணீர் விட்டு உட்புறத்தை வெளியே திருப்புகிறோமே, அதேபோல அது புரண்டு புரண்டு முன்னேறி, ரெசின் உள்ள பக்கம் பழைய குழாயின் சுவரில் படியும். பிறகு வெந்நீரோ நீராவியோ செலுத்தினால் இறுகிவிடும். கண்ணாடி இழைக் குழலானால் புற ஊதா விளக்கை உள்ளே இழுத்துச் சென்றும் இறுக்குவர். மூட்டுகளே இல்லாத உட்குழாய் என்பதால் வேர் நுழைய இடமிராது. ஆனால் வேரை முழுவதும் வெட்டிக் கழுவிய பிறகே இதைச் செய்ய வேண்டும். இடையில் சேரும் கிளைக் குழாய்களின் வாய் மூடிக்கொள்ளுமாதலால் அவற்றை உள்ளிருந்தே அறுத்துத் திறக்கவும் வேண்டும்.

பதில் 2 – மேலப்பாளையம்

அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் கேமரா விட்டுப் பார்க்காமல் யாரிடமும் விலை பேசாதீர்கள். உட்குழாய் பழைய குழாயின் வடிவத்தையே பின்பற்றும். குழாய் எங்கேனும் தொய்ந்து தண்ணீர் தேங்கினால் அந்தத் தொய்வு அப்படியே நிலைத்துவிடும்; நொறுங்கிச் சரிந்த இடத்தில் துணிக்குழல் நுழையவே நுழையாது. பழைய குழாயைக் கூம்புத் தலையால் உள்ளிருந்தே உடைத்துத் தள்ளி, பின்னாலேயே புதிய பாலிஎத்திலீன் குழாயை இழுத்துவரும் முறையும் உண்டு. பிரிட்டனில் வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய்களை மாற்ற உருவானது அது. அதற்கு இரு முனைகளிலும் குழி வேண்டும். அதிர்வும் இருக்கும் என்பதால் பழைய சுண்ணாம்புச் சுவர் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். சாலையோரம் இயந்திரத்தைச் சாய்த்து நிறுத்தித் துளையிட்டுக் கேபிள் இழுப்பது வேறு. அது புதிதாகப் பதிப்பதற்கானது, பழுதுபார்ப்பதற்கன்று.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கேமரா விட்டுப் பார்த்தோம். பட்டாசலுக்கு அடியில் நான்கு மூட்டுகளில் வேர் புகுந்திருக்கிறது, குழாய் உருக்குலையவில்லை. அடுப்படிக்கு அடியில்தான் சுமார் 5 அடி தொய்ந்து, கேமராவே தண்ணீருக்குள் மூழ்கியது. அங்கே சிமெண்ட் தரைதான். அதை மட்டும் தோண்டி வாட்டம் சரிசெய்துவிட்டு, மற்ற இடத்தில் உட்குழாய் போடலாமா?

பதில் 2 – மேலப்பாளையம்

தாராளமாகச் செய்யலாம். முதலில் அடுப்படி வேலையை முடியுங்கள். தோண்டிய குழியை மூடாமல் வைத்திருந்தால், துணிக்குழலை அங்கிருந்தே உள்ளே செலுத்திக்கொள்ளலாம்.