"அண்ணனுக்கு இருக்கு, எனக்கும் வருமா?" மனச்சிதைவும் பரம்பரையும்: ஆலோசனை அறை அனுபவங்கள்

மரபணு ஆலோசகர்

இந்தக் கேள்வியை நோயாளி கேட்பது அபூர்வம். கேட்பவர் பெரும்பாலும் தங்கையோ தம்பியோதான். வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியதும் வருவார்கள். "கொஞ்சம் வாய்ப்பு இருக்கு" என்று பதில் சொல்லி அனுப்பினால் பயம்தான் மிஞ்சும். எண்ணாகச் சொல்லுங்கள். பொதுவாக வாழ்நாளில் 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வருகிறது. அம்மா, அப்பா, உடன்பிறந்தவர் என யாராவது ஒருவருக்கு இருந்தால் அது 10 அளவுக்கு உயரும். 90 பேருக்கு வராது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். சித்தப்பா, அத்தை, தாய்மாமன் என்று ஒரு படி தள்ளிப் போனால் 2 முதல் 4 வரைதான்.

"80 சதவீதம் பரம்பரை" என்று எங்கோ படித்துவிட்டு நடுங்கிப்போய் வருபவர்கள் உண்டு. மக்கள்தொகையில் ஒருவருக்கு வருவதற்கும் இன்னொருவருக்கு வராததற்கும் உள்ள வேறுபாட்டில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதற்கான அளவு அது. ஒரு தனி மனிதருக்கு நோய் வரும் வாய்ப்பை அது சொல்லாது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு அப்படியே ஒன்றுதான். ஆனாலும் 2018இல் வந்த டென்மார்க் ஆய்வில், ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 33 சதவீதம்தான்.

அம்மாக்கள் கேட்பது வேறு: "நான் வளர்த்த விதம்தான் காரணமா?" 1966இல் லெனார்ட் ஹெஸ்டன் வெளியிட்ட அமெரிக்க ஆய்வைச் சொல்லுங்கள். மனச்சிதைவு உள்ள தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாளிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்தவர்கள் 47 பேர். அவர்களில் 5 பேருக்கு நோய் வந்தது. அதேபோல் பிரிக்கப்பட்ட, நோயில்லாத தாய்மாரின் பிள்ளைகள் 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. பல வருஷமாகப் பழி சுமந்த ஒரு தாய்க்கு இதைப் பொறுமையாக விளக்குவது மருந்துச் சீட்டு எழுதுவதற்குக் குறைந்த வேலை இல்லை.

மனநலச் செவிலியர்

எண் சொல்வதற்கு முன்னால் குடும்ப மரம் சரியாக இருக்க வேண்டும். மூன்று தலைமுறை, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்குக் கறுப்பு நிரப்பு, சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. நோய் தொடங்கிய வயதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

"குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருக்கா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்ற பதில்தான் வரும். "வேலைக்குப் போகாம வீட்டுக்குள்ளயே இருந்தவங்க உண்டா? தனியாப் பேசினவங்க? கோயில்ல கொண்டுபோய் வெச்சிருந்தவங்க? சொல்லாம ஊரைவிட்டுப் போனவங்க?" என்று கேளுங்கள். காலியாக இருந்த மரத்தில் அப்போதுதான் ஒரு பெரியப்பா தெரியவருவார். அப்பா வழியையும் அம்மா வழியையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். சம்பந்தி வீட்டார் எதிரில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இன்னொன்று: நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நெருங்கிய உறவில் யாருக்கும் இந்நோய் இருப்பதில்லை. மரம் காலியாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

ஆய்வகப் பணியாளர்

எல்லாருக்கும் மரபணுப் பரிசோதனை எழுதுவது காசுக்குக் கேடு. எழுத வேண்டிய இடம் ஒன்று உண்டு: 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப்போகும் 22க்யூ11.2 குறைபாடு. இது உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. பிறவி இதயக் கோளாறுக்கு அறுவை செய்த தழும்பு, அண்ணப்பிளவு, மூக்கால் பேசுவது, சிறுவயதில் வலிப்பு, படிப்பில் மந்தம் என்று இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் சோதியுங்கள்.

தவறு நடப்பது எங்கே என்றால், சாதாரண குரோமோசோம் பரிசோதனையை எழுதிவிடுகிறார்கள். துண்டு சிறியது என்பதால் அதில் பெரும்பாலும் தெரியாது. "நார்மல்" என்று வந்துவிடும். ஃபிஷ் (ஒளிரும் குறியீட்டை வைத்து அந்தத் துண்டைத் தேடும் சோதனை) அல்லது மைக்ரோஅரே (எல்லாக் குரோமோசோமிலும் சிறு துண்டுகள் கூடிக் குறைந்திருப்பதைப் பார்க்கும் சோதனை) என்று குறிப்பிட்டு எழுதுங்கள். ஃபிஷ்ஷுக்கு உயிருள்ள செல் வேண்டும். அதற்கு ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாய். மைக்ரோஅரேக்கு இடிடிஏ உள்ள ஊதா மூடி. இரண்டும் ரத்தம் உறையாமல் தடுப்பவை. குழாய் மாறினால் திரும்ப ரத்தம் எடுக்க வேண்டும். பச்சைக் குழாயை ஃப்ரீசரில் வைத்தால் செல் செத்துவிடும்.

குறைபாடு உறுதியானால் ரத்தத்தில் கால்சியம் பாருங்கள். குறைந்திருந்தால் வலிப்பு வரலாம். மனச்சிதைவுக்கான குளோசபின் மருந்தைக் கொடுக்கும்போது இவர்களுக்கு வலிப்பு ஆபத்து கூடுதல் என்பதால் அளவை மெதுவாக ஏற்ற வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்கு இந்தக் குறைபாடு பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகத் தோன்றியது. ஆனாலும் பெற்றோரையும் சோதியுங்கள். குறைபாடு உள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போகும் வாய்ப்பு 50 சதவீதம்.

மரபணு ஆலோசகர்

எச்சில் அனுப்பினால் மனச்சிதைவு ஆபத்தைக் கணித்துத் தருவதாக வரும் விளம்பரங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். 2022இல் வெளியான பெரிய ஆய்வு 76,755 நோயாளிகளை வைத்து மரபணுத் தொகுதியில் நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் தாக்கமும் மிகச் சிறிது. இந்தக் கணிப்புகளின் அடித்தளம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரின் தரவு. நம் ஆட்களுக்கு அது இன்னும் பொருந்தாது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

அதைவிட, தம்பி தங்கைகளிடம் கஞ்சா பக்கமே போகாதீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். 15 முதல் 30 வயதுக்குள் தூக்கம் கெடுவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, வீண் சந்தேகம், இல்லாத குரல் கேட்பது போன்றவை சில வாரம் நீடித்தால், "பரிட்சை டென்ஷன்" என்று தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். யாரிடம் போவது என்றே தெரியாதவர்களுக்கு 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணைச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.