காவடிக்கு வாங்கிய 'மக்கும்' டம்ளர் ஒரு வருஷமாகியும் மக்கவில்லையே?

ரோஸ்ஹில் சமையல்காரி:
வணக்கம். தைப்பூசக் காவடி அன்று எங்கள் கோவிலில் ஏழு கறிச் சாப்பாடு சமைக்கும் பெண்களில் நானும் ஒருத்தி. சோறு, கறியெல்லாம் வாழையிலையில்தான். ரசத்துக்கும் பாயசத்துக்கும் மட்டும் டம்ளர் வேண்டும். 2021 ஜனவரியில் மொரிஷியஸில் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததிலிருந்து, 'சோளத்தில் செய்தது, மக்கும்' என்று அச்சடித்த, கண்ணாடி மாதிரி இருக்கும் டம்ளரை வாங்குகிறோம். விலை கூடுதல்தான். மண்ணுக்கு நல்லது என்று மனசாரக் கொடுத்தோம்.

போன காவடி முடிந்ததும் இலை, டம்ளர், கரும்புச் சக்கைத் தட்டு மூன்றையும் வீட்டு முருங்கைமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். இலை சில வாரத்தில் மண்ணாகிவிட்டது. தட்டும் மழைக்காலம் முடிவதற்குள் காணாமல் போனது. நேற்று தோண்டினால் டம்ளர் அப்படியே கிடக்கிறது. துடைத்தால் அச்செழுத்தைக்கூடப் படிக்கலாம். நாங்கள் ஏமாந்துவிட்டோமா? கொதிக்கிற ரசம் ஊற்றினால் குழைந்தும் போகிறது. அது ஏன்?

வாக்வா வாத்தியார்:
அக்கா, அது பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்காக இருக்கும். சோள மாவையோ கரும்புச் சர்க்கரையையோ நொதிக்க வைத்து லாக்டிக் அமிலம் எடுத்து, அதைச் சங்கிலி மாதிரிக் கோத்துச் செய்வது. 60 டிகிரியை நெருங்கினாலே இளகிவிடும். ரசத்துக்குக் குழைவது அதனால்தான். மக்குவதற்கும் கிட்டத்தட்ட அதே சூடு வேண்டும். சூட்டிலும் ஈரத்திலும் சங்கிலி அறுந்து துண்டானால்தான் நுண்ணுயிர்கள் தின்னும். ஐரோப்பாவின் இ.என். 13432 தரத்துக்கான சோதனையை 58 டிகிரி அளவில்தான் செய்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும். முருங்கைமரத்தடியில் அந்தச் சூட்டுக்கு எங்கே போவது? எங்கே போட்டால் மக்கும் என்று அச்சடிக்காமல் விட்டதுதான் எனக்குக் கோபம்.

மாஹேபூர் கடலோரம்:
'சோளத்தில் செய்தது' என்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். பிரேசிலில் 2010 முதல் கரும்பு எத்தனாலிலிருந்து, பை செய்கிற பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன் செய்கிறார்கள். கரும்பில் பிறந்தாலும் அது சாதாரணப் பாலிஎத்திலீனேதான், மக்காது. பி.பி.ஏ.டி. என்ற இன்னொரு பிளாஸ்டிக் பெரும்பாலும் பெட்ரோலியத்தில் செய்வது, ஆனால் மக்கும். எதிலிருந்து வந்தது என்பது வேறு, கடைசியில் என்ன ஆகும் என்பது வேறு. நம் குப்பை மார் ஷிக்கோஸ் மேட்டுக்குத்தான் போகிறது. அங்கே அடியில் சூடும் காற்றும் சரியாகக் கிடைக்காது. கடலில் விழுந்தால் இன்னும் மோசம், பி.எல்.ஏ. குளிர்ந்த உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்கில் கிடக்கும். வாங்குவதாக இருந்தால் 'வீட்டு உரக்குழியில் மக்கும்' என்ற சான்று இருக்கிறதா என்று பாருங்கள். பி.எச்.ஏ. என்று ஒரு வகை உண்டு, பாக்டீரியா தன் உடம்புக்குள்ளேயே சேர்த்து வைப்பது. அது மண்ணிலும் கடலிலும் மக்கும். விலைதான் அதிகம்.

காத்ர்போர்ன் தம்பி:
அக்கா, எங்கள் கோவிலில் எவர்சில்வர் டம்ளருக்கு மாறிவிட்டோம். சமையல்கட்டுக்குப் பின்னால் மூன்று தொட்டி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், இரண்டில் நல்ல தண்ணீர். பையன்கள் முறை போட்டுக் கழுவுகிறோம்.

ரோஸ்ஹில் சமையல்காரி:
எல்லாருக்கும் நன்றி. தம்பி, ஒரு பந்திக்கு எத்தனை டம்ளர் வைத்திருக்கிறீர்கள்? அடுத்த பந்தி உட்காருவதற்குள் கழுவி முடிகிறதா? ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.