ரைஸ் லேக்கில மீன் பிடிச்சதுக்குக் கடதாசி தந்திட்டினம், பி.ஆருக்கு (நிரந்தர வதிவிடத்துக்கு) பிரச்சினையோ?

புதுசா வந்தவன்:
மச்சானோட ஒன்ராறியோவில இருக்கிற ரைஸ் லேக் ஏரிக்குப் போனன். அவன்ர தூண்டில்ல எனக்கு ரெண்டு பிக்கரெல் பட்டுது. அதிகாரி வந்து மீனை அளந்துபோட்டு ஒரு கடதாசி எழுதித் தந்தவர். நித்திரையே இல்லை. பி.ஆருக்குப் பிரச்சினை வருமோ? ஆராவது சொல்லுங்கோ.

மார்க்கம் அண்ணை:
தம்பி, பிக்கரெல், வால்ஐ ரெண்டும் ஒண்டுதான். அதின்ர கண்ணுக்குள்ள வெளிச்சத்தைத் திருப்பி விடுற படலம் இருக்கு. மங்கல் தண்ணியிலயும் இரையைக் காணும். அதால பொழுதுபடேக்க போம். ஜிக்கில (பாரத்தலை வைச்ச தூண்டில் முள்ளில) மண்புழு கொழுவி, பாசி ஓரமா அடியோட மெல்ல இழும். நான் வந்த வருசம் ஐப்பசிக் குளிருக்க ஒட்டனாபீ ஆத்தங்கரையில தனிய நிண்டு, விரல் விறைச்சு நூல் முடிச்சுப் போடேலாமல் அழுதிருக்கிறன்.

பிராம்ப்டன் அக்கா:
அண்ணை, அவர் கேட்டது அதில்லை. தம்பி, 18இல இருந்து 64 வயசு வரைக்கும் அவுட்டோர்ஸ் கார்டும் (மீன்பிடிக்க, வேட்டையாட மாகாணம் குடுக்கிற அட்டை) மீன்பிடி லைசென்ஸும் வேணும். அன்னையர் தின வார இறுதியில போயிருந்தால் ரெண்டும் தேவையில்லை.

ஏஜாக்ஸ்:
அக்கா, அந்தச் சலுகை கனடா வாசிகளுக்கு மட்டும். வந்து தொடர்ந்து ஆறு மாசம் இருக்காத ஆள் அந்தக் கணக்கில வராது.

மிசிசாகா:
ஊரில குளத்தில வலை வீச ஆரிட்டைக் கேட்டனாங்கள்? இங்க வாடகை, இன்சூரன்ஸ், இப்ப மீனுக்கும் காசு.

மார்க்கம் அண்ணை:
அந்தக் காலத்தில வாடகை எண்டாலும் குறைவு.

நோர்த் யோர்க்:
பொடியன் பயந்துபோய் நிக்கிறான், வாடகையை விடுங்கோ. தம்பி, அது எச்சரிக்கையா, டிக்கெட்டா, சம்மன்ஸா? டிக்கெட் எண்டால் எழுதித் தந்து 15 நாளுக்குள்ள பதில் குடுக்கவேணும்: காசு கட்டலாம், வழக்குத் தொடுநரைச் சந்திக்கக் கேக்கலாம், நீதிமன்றத்தில வழக்கு விசாரணை கேக்கலாம். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாப் போயிடும். அதால கட்டமுதல் குடிவரவு வக்கீலிட்டைக் காட்டும். எப்ப வந்தனீர்? மீன் எவ்வளவு நீளம்? ரைஸ் லேக் 17ஆம் மீன்பிடி வலயம், அங்க 35க்கும் 50க்கும் இடைப்பட்ட சென்ரிமீற்றர் மீனைத்தான் வைச்சிருக்கலாம்.

புதுசா வந்தவன்:
வந்து நாலு மாசம். ஒண்டு 41, மற்றது 54. மேல "டிக்கெட்" எண்டுதான் இருக்கு. எழுதித் தந்து 9 நாளாச்சு.

நோர்த் யோர்க்:
அப்ப 6 நாள் இருக்கு. கடதாசியின்ர ரெண்டு பக்கத்தையும் போனில படம் எடுத்து வையும். நாளைக்கு வேலைக்குப் போகமுதலே வக்கீலுக்கு அடியும். லைசென்ஸுக்கா, நீளத்துக்கா எழுதியிருக்கு எண்டதையும் பாத்துச் சொல்லும்.