கார்ல் ரானர்: பிறரைப் ‘பெயரில்லாக் கிறிஸ்தவர்’ என்று அழைக்கலாமா?

அருள்தேடி:
இயேசு சபை இறையியலாளர் கார்ல் ரானர் (1904–1984) பதினாறு தொகுதிகளை நிரப்பும் அளவுக்குக் கட்டுரைகள் எழுதியவர். ஆனாலும் அவரைப் பற்றிய பேச்சு ‘பெயரில்லாக் கிறிஸ்தவர்’ என்ற ஒரே சொல்லில் வந்து நின்றுவிடுகிறது. எல்லா மனிதரும் மீட்புப் பெற வேண்டும் என்பது கடவுளின் விருப்பம். மீட்போ கிறிஸ்து வழியாகவே வருகிறது. இவ்விரண்டில் எதையும் கைவிடாமல், நற்செய்தியைக் கேட்டிராத கோடிக்கணக்கானோரின் நிலையை விளக்க முயன்ற ரானர், மனச்சான்றுக்குப் பணிந்து வாழ்பவர் தாம் அறியாமலே கிறிஸ்துவின் அருளை ஏற்கிறார் என்றார். இதைவிட நேர்மையான விடையை நான் கண்டதில்லை.

நெய்தல்:
நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை. ஒருவர் வேறொரு சமயத்தை ஆராய்ந்து, விரும்பி, அதிலேயே வாழ்ந்து முடித்த பிறகு, ‘உண்மையில் நீர் எம்மவர்’ என்பது அவருடைய தேர்வையே இல்லாததாக்குகிறது. மறுபுறம், அறியாமலே கிறிஸ்தவராக இருக்க முடியுமானால் அறிந்து சாட்சி பகர்ந்து உயிர் துறந்தவர்களின் சாவுக்கு என்ன பொருள் என்று சுவிஸ் கத்தோலிக்க இறையியலாளர் பால்தசார் 1966-இல் எழுப்பிய கேள்வியும் அப்படியே நிற்கிறது.

கல்வெட்டு:
ரானரின் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் பிரைபர்க் பல்கலைக்கழகத்தில் இவருடைய மெய்யியல் ஆய்வேட்டை நெறியாளர் ஏற்க மறுத்தார். அதுவே 1939-இல் நூலாக வெளிவந்தது. 1962-இல் இவர் எழுத்துக்கு உரோமை முன்தணிக்கை விதித்தது. அதே ஆண்டில் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வல்லுநராகவும் நியமிக்கப்பட்டார். திருச்சபைக்குள் நின்று இத்தனை சுமந்தவரைப் பிற சமயத்தாரை மடக்கச் சொல் தேடியவராக என்னால் எண்ண முடியவில்லை.

அருள்தேடி:
அந்தச் சொல் பிறர் நெற்றியில் ஒட்டுவதற்கு அன்று, கிறிஸ்தவர் தமக்குள் சிந்திப்பதற்கே உரியது. ‘உங்களை நான் பெயரில்லா சென் பௌத்தர் என்று கருதினால் என்ன சொல்வீர்கள்?’ என்று ஜப்பானிய மெய்யியலாளர் நிஷிதானி கேட்டபோது, உங்கள் நிலையிலிருந்து அப்படிக் கருதுவதே முறை, அதை எனக்குப் பெருமையாகக் கொள்கிறேன் என்ற பொருளில் ரானர் பதிலளித்தார். தமக்கு எடுத்துக்கொண்ட உரிமையைப் பிறருக்கும் தயங்காமல் கொடுத்தார்.

நெய்தல்:
அது அவருடைய பெருந்தன்மையைக் காட்டுகிறது. சொல்லின் குறையைத் தீர்க்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் தம் பெயரால் அழைத்துக்கொண்டால், மற்றவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதைக் கேட்பவர் யார்? தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவரும் மனச்சான்றின் வழி கடவுளைத் தேடினால் மீட்பு அடைய முடியும் என்று திருச்சபை பற்றிய வத்திக்கான் சங்கத்தின் ஏடு 1964-இலேயே, யாருக்கும் புதுப்பெயர் சூட்டாமல், சொல்லிவிட்டது.

அருள்தேடி:
அப்படியானால் பெயரை விட்டுவிடுகிறேன். அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்தால் ரானரும் பிடிவாதம் செய்திருக்கமாட்டார். ஆனால் அவ்வேடு ‘முடியும்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எவ்வாறு முடியும் என்பதைச் சொல்ல முன்வந்தவர் ரானர். அந்த விளக்கத்தை மறுக்கும் நீங்கள், அதன் இடத்தில் எதை வைக்கிறீர்கள்?