வெங்காயக் கணக்கு மைனஸில் வருகிறது, அவசரம்

கோண்டாவில்_பொடியன்: சி மொழி புதிது, வேரியபிள் பாடம்தான் நடக்குது. அப்பா சுன்னாகம் சந்தைக்குக் கொடுத்த வெங்காயத்துக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். நிறையும் விலையும் கொடுத்தால் மொத்தம் வர வேண்டும். -20536 என்று வருகிறது. எரர் ஒன்றும் இல்லை. நாளைக் காலமை சேரிடம் காட்ட வேண்டும், கெதியாகச் சொல்லுங்கோ.

வடலி: புரோகிராம் எங்கே தம்பி? என்ன எண்கள் கொடுத்தீர்?

பனங்கிழங்கு: எண்ணை உள்ளே வாங்கும் ஸ்கேன்எஃப்-இல் மாறிக்கு முன்னால் & போட மறந்திருப்பீர். வேறு ஒன்றுமே இல்லை.

தோட்டக்காரன்: மொத்தத்துக்குத் தொடக்கப் பெறுமதி கொடுக்கவில்லைப் போல. ஃபங்ஷனுக்குள் அறிவித்த மாறியில் தானாக 0 இருக்காது, பழைய குப்பைதான் கிடக்கும்.

கோண்டாவில்_பொடியன்: & இருக்கு. 0-உம் போட்டேன், அதே -20536. கூட்டாளியின் லாப்டாப்பில் இதே புரோகிராம் சரியாக ஓடுது!!

வடலி: எத்தனை கிலோ, என்ன விலை, எந்தக் கம்பைலர் (புரோகிராமைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்)? மூன்றையும் சொல்லும்.

பழைய_கை: இன்ட் என்ற முழு எண் வகைக்கு மெமரியில் எத்தனை பைட் இடம் என்று குறிப்பைத் திறந்து பார்த்திருந்தால் இந்த இழையே தேவையில்லை. எங்கள் காலத்தில் கடதாசியில் எழுதிச் சரிபார்த்த பிறகுதான் கம்ப்யூட்டருக்குக் கிட்டவே விடுவார்கள்.

பனங்கிழங்கு: எத்தனை பைட் என்று நீங்களே சொல்லியிருக்கலாமே ஐயா.

கோண்டாவில்_பொடியன்: 3 அந்தர், 150 கிலோ. கிலோ 300 ரூபாய். எல்லாம் இன்ட். டியூஷனில் தந்த டர்போ சி, நீலத் திரை.

வடலி: அதுதானே பார்த்தேன். 150 × 300 = 45000. டர்போ சி-யில் இன்ட் 2 பைட், 32767-க்கு மேல் பிடிக்காது. 2 பைட்டில் மொத்தம் 65536 எண்கள்தான், மிஞ்சினால் மைனஸ் பக்கம் சுற்றி வரும். 45000-இலிருந்து 65536-ஐக் கழித்துப் பாரும், உம்முடைய எண் வரும். கூட்டாளியின் கம்பைலரில் 4 பைட்டாக இருக்கும், 2147483647 வரை போகும். மொத்தத்தைப் பெரிய எண் பிடிக்கிற லோங் வகை ஆக்கும், விடையைக் காட்டும் பிரின்ட்எஃப்-இல் இன்ட்டுக்கான %டி-க்குப் பதில் லோங்குக்கான %எல்டி.

கோண்டாவில்_பொடியன்: ஆக்கினேன் அண்ணை. இப்பவும் -20536.

தோட்டக்காரன்: 1987-இல் வந்த சாமானை இன்னும் படிப்பிக்கிறார்கள். 64 பிட் விண்டோஸில் நேரே ஓடக்கூட மாட்டாது, பழைய டாஸ் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற டாஸ்பாக்ஸ் வைத்து இழுக்க வேண்டும்.

பழைய_கை: டர்போ சி-யில் படித்தவனுக்குத்தான் மெமரியின் அருமை தெரியும்.

தோட்டக்காரன்: ஓம், வேலைக்குப் போன முதல் நாளே எல்லாவற்றையும் திரும்பப் படிக்கிற அருமையும் தெரியும்.

வடலி: சண்டையை வேறு இழையில் பிடியுங்கோ. தம்பி, பெருக்கும்போது நிறையும் இன்ட், விலையும் இன்ட். விடை அங்கேயே கெட்டுப்போய்த்தான் லோங் மாறிக்குள் போகிறது. சின்னச் சாக்கில் கொட்டிச் சிந்தவிட்டு, அந்தச் சாக்கைப் பெரிய சாக்குக்குள் வைத்தால் சிந்தியது திரும்பி வருமா? நிறையையும் லோங் ஆக்கும். அதன் ஸ்கேன்எஃப்-இலும் %எல்டி போட மறக்காதையும்.

கோண்டாவில்_பொடியன்: 45000 🙏

பனங்கிழங்கு: & போட்டது உறுதிதானே?

தோட்டக்காரன்: அது கிடக்கட்டும். கிலோ 300-க்கு எடுத்த யாவாரி யார் தம்பி? எங்களிடம் 240-க்கு மேல் ஏற மாட்டன் என்று நிற்கிறார்கள்.