டிரைவர் போடாத ஆர்டர்: நல் ஃபாரின் கீ அனுபவங்கள்

வேளச்சேரிக்காரன்:
2019 கோடை. ஊரே தண்ணி லாரிக்குக் காத்துக்கிட்டிருந்த நேரம். ஒரு லாரி கம்பெனிக்கு புக்கிங் சாஃப்ட்வேர் எழுதியிருந்தேன். புக் பண்றப்போ டிரைவர் யாருன்னு தெரியாது, அதனால ஆர்டர் டேபிள்ல, டிரைவர் டேபிளைச் சுட்டுற டிரைவர் ஐடி (இதுதான் ஃபாரின் கீ) 'நல்', அதாவது மதிப்பே இல்லாம, இருக்கலாம்னு விட்டேன். அது சரிதான். டிரைவரை ஒதுக்குற ஸ்கிரீன்ல ரெண்டு டேபிளையும் சேர்க்க இன்னர் ஜாயின் (ரெண்டுலயும் பொருந்துற வரி மட்டும்தான் வரும்) போட்டேன் பாருங்க, டிரைவர் இல்லாத ஆர்டர் ஒண்ணுகூட அங்க வரல.

மடிப்பாக்கத்துல இருந்து ஒரு பாட்டி போன். "தம்பி, மூணு நாளாச்சு. ரசீது நம்பர் சொல்றேன், எழுதிக்கோ." டேபிள்ல தேடினா ஆர்டர் பத்திரமா இருக்கு. லெஃப்ட் ஜாயினா (டிரைவர் பொருந்தலைன்னாலும் ஆர்டர் வரும்) மாத்தினேன். அப்பவும் வரல! கீழே, சேர்த்த பிறகு வரிகளை வடிகட்டுற 'வேர்' கண்டிஷன்ல 'டிரைவர் ஆக்டிவ்'னு இருந்தது, நல் வரிகளை மறுபடி தள்ளிடுச்சு. அதை, டேபிளை எப்படிச் சேர்க்கணும்னு சொல்ற 'ஆன்' பக்கம் கொண்டுபோனதும் 41 ஆர்டர் வந்து நின்னுச்சு. அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு.

அம்பத்தூர் எஸ்டேட்:
நல் விட்டதே தப்புங்க. நாங்க டிரைவர் டேபிள்ல ஐடி 0-ல 'யாரும் இல்லை'ன்னு ஒரு வரி போட்டுடுவோம். ஜாயின் உடையாது.

கிண்டி:
அந்த 0 வரியாலதான் நான் பட்டேன். ஒரு கூரியர் ஆபீஸ், தீபாவளி இன்சென்டிவ் லிஸ்ட். முதல் பேரே 'யாரும் இல்லை'. "எங்களைவிட அதிக ட்ரிப் அடிச்ச இவரு யாரு சார்?"னு ஒரு டிரைவர் பேப்பரை நீட்டிக் கேட்டார். ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் அதைக் கழிக்க யார் ஞாபகம் வெச்சுப்பா?

தரமணி டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி):
என் கதை சின்னது. கிளை எண், வண்டி எண் ரெண்டும் சேர்ந்த ஃபாரின் கீ. உள்ளே வந்த ஒரு வரியில வண்டி எண் நல், கிளை 9. அப்படி ஒரு கிளையே கிடையாது! ரெண்டுல ஒண்ணு நல்னா மத்ததையும் சரிபார்க்காம விடுறதுதான் வழக்கமான விதி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல அந்தக் கீக்கு 'மேட்ச் ஃபுல்' போட்டா இது உள்ளேயே வராது.

வேளச்சேரிக்காரருக்கு ஒண்ணு. ஒதுக்கீட்டுக்குத் தனி டேபிள் வைங்க. ஆர்டர் ஐடி பிரைமரி கீ (ஒரு ஆர்டருக்கு ஒரே வரி), டிரைவர் ஐடி நாட் நல் (காலியா விட முடியாது). ஒதுக்கலைன்னா வரியே இருக்காது, ஒதுக்கின நேரத்தையும் அதுலயே வெச்சுக்கலாம். பழைய டேபிள்லயே விட்டா 'ஆன் டெலீட் செட் நல்' மட்டும் வேண்டாம். டிரைவரை டெலிட் பண்ணினா அவரோட ஆர்டர்ல ஐடி தானா நல் ஆயிடும், இன்னும் ஒதுக்காததும் ஒதுக்கி முடிச்சதும் ஒரே மாதிரி 'நல்'னு நிக்கும். 'நாட் இன்' சப்குவெரியையும் (உள்ளே ஒரு தேடல் தர்ற பட்டியல்ல இல்லாத வரிகளைக் கேக்குறது) பாருங்க. உள்ளே ஒரு நல் இருந்தாலே ஒரு வரியும் வராது.

வேளச்சேரிக்காரன்:
தனி டேபிள் வெச்சாலும் அந்த ஸ்கிரீனுக்கு லெஃப்ட் ஜாயின் போட்டுத்தானே ஆகணும்? நான் தப்பு பண்ணினது அங்கதான்.

அந்த 41 ஆர்டர் வந்த மறுநாள் காலை 6 மணிக்கு லாரியோட நானும் போனேன். பாட்டி சம்ப் மூடியைத் திறந்து வெச்சுக்கிட்டு வாசல்லயே உட்கார்ந்திருந்தாங்க.