பிரிட்ஜ்டவுன் ரேச்சல்: எதிர்ப்பின் முகமா, எஜமானியா?

அருள்மொழி:
பார்படோஸ் தீவின் துறைமுகமான பிரிட்ஜ்டவுனில் 1780களில் சொந்தமாக விடுதி நடத்தியவர் ரேச்சல் பிரிங்கிள் போல்கிரீன். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். பிரிட்டிஷ் இளவரசர் வில்லியம் ஹென்றி குடிபோதையில் விடுதியை அடித்து நொறுக்கியபோது, அவரிடமே நஷ்ட ஈடு வாங்கியதாகச் சொல்வார்கள். அடிமை முறையை எதிர்த்த பெண்களில் எனக்கு முதல் பெயர் இவர்தான்.

பூங்குழலி:
முதல் பெயரா? 1791இல் அவர் இறந்தபோது அவருடைய சொத்துக் கணக்கில் 38 அடிமைகள் இருந்தார்கள். உயிலில் ஆறு பேருக்குத்தான் விடுதலை. கடற்படையினர் வந்து தங்கிய அந்த விடுதியின் வருமானத்தில் அடிமைப் பெண்களின் உடலும் அடக்கம். மறுத்துப் பேச அவர்களுக்கு ஏது உரிமை?

அருள்மொழி:
அந்த ஊரில் வெள்ளைக்காரப் பெண்களும் அடிமைகளை வைத்திருந்தார்கள், வாடகைக்கும் விட்டார்கள். விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை கிடையாது. வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக்கூட முடியாது. சொத்து ஒன்றுதான் காவல். அதைத் தேடியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்களே!

பூங்குழலி:
வெள்ளைக்காரிகளையும் நான் விடவில்லை ஐயா. ரேச்சல் பிழைத்த வழி புரிகிறது. அதை எதிர்ப்பு என்று அழைக்காதீர்கள். 1789இல் தப்பி ஓடிய ஜேன் என்ற அடிமைப் பெண்ணைத் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. நெற்றியில் அவள் பிறந்த மண்ணின் குலக்குறி, மார்பில் சூட்டுக்கோல் தழும்பு, கழுத்தில் கத்திக்குத்து. அத்தனை காயத்தோடும் ஓடியிருக்கிறாள். என் கணக்கு அவளிடமிருந்து தொடங்குகிறது.

மாறன்:
இருவருமே தெருவை மறந்துவிட்டீர்கள். கூடையில் பொருள் சுமந்து தெருவில் விற்ற பிரிட்ஜ்டவுன் கூடைக்காரிகளில் பலர் அடிமைப் பெண்கள். அடிமைகளை அனுப்பிப் பொருள் விற்கக் கூடாது என்று 1708இலேயே சட்டம் வந்தது. பால், விறகு, குதிரைத் தீவனம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அதுவும் உடையவர் பெயர் பொறித்த உலோக வளையத்தைக் கழுத்திலோ காலிலோ பூட்டிக்கொண்டுதான் விற்க வேண்டும். பிறகும் தடைச்சட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. பெண்கள் அடங்கவில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? துறைமுகத்துக்கு வெளியே பாருங்கள்: வீட்டு வேலை செய்த நானி கிரிக் ஆங்கிலப் பத்திரிகைகளைப் படித்து, விடுதலை வரப்போகிறது என்று தோட்டத்து ஆட்களிடம் சொன்னவர். தராவிட்டால் அடிமைகள் கிளர்ந்தெழுந்த ஹெய்ட்டியில் செய்தது போலத் தீ வைத்துப் போராட வேண்டும் என்றார். 1816 ஈஸ்டரில் தோட்டங்கள் எரிந்தன.

அருள்மொழி:
நானி கிரிக்கைப் பற்றி மறுபேச்சு இல்லை. ஆனால் கூடைக்காரிகளும் காசு சேர்க்கத்தானே விற்றார்கள்? அவர்களுக்கு ஒரு நியாயம், ரேச்சலுக்கு ஒரு நியாயமா?

பூங்குழலி:
கூடைக்காரி தன் உழைப்பை விற்றாள், பிடிபட்டால் தன் முதுகில் அடி வாங்கினாள். ரேச்சலின் விடுதியில் அடி வேறொருத்தி முதுகில் விழுந்தது. உயிலில் விடுதலை கிடைக்காத அந்த 32 பேரைப் பற்றி நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.